தொலைபேசி இலக்கம் வர்த்தகரின் கையொப்பம்: வெளிநாடு போகும்போது வீட்டில் விட்டுச் செல்லலாமா?

வெளிநாட்டுப் பயணம் என்பது இன்று பெரிய முதலாளிமாருக்கு மட்டும் உரிய விடயமல்ல. திருகோணமலை நகரில் புடைவைக்கடை வைத்திருப்பவர் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய் வருகிறார். கிண்ணியாவில் தொலைபேசி உதிரிப்பாகம் விற்பவர் சீனாவின் குவாங்சோவரை போகிறார். சீனக்குடாவிலும் அஷ்ரப் இறங்குதுறைப் பக்கத்திலும் கப்பல் வேலைகளோடு தொடர்புடையவர்கள் டுபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வருகிறார்கள். இவற்றோடு குடும்பமாக உம்ராப் பயணம் செல்பவர்களும் நம்மில் ஏராளம். இவர்கள் எல்லோரும் பெட்டி கட்டும்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "நம்மட போனைக் கொண்டு போறதா, வச்சிட்டுப் போறதா?"

பெரும்பாலானோர் எடுக்கும் முடிவு, வைத்துவிட்டுப் போவதுதான். "ரோமிங் போட்டால் பில் கட்டியே முடியாது" என்ற பயம் ஒரு காரணம். "வாடிக்கையாளர் எடுத்தால் கடையில் பேச ஆள் வேண்டுமே" என்பது இன்னொரு காரணம். எனவே சிம் அட்டையைக் கழற்றி மகனிடமோ, மருமகனிடமோ, காசாளரிடமோ கொடுத்துவிட்டு, போன இடத்தில் புதிய சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக் கொள்கிறார்கள். வங்கியிலிருந்து ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு இலக்கம் வந்தால் கடையில் இருப்பவர் அதை வாசித்துச் சொல்லுவார். வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

இந்தப் பழக்கம் நம் வர்த்தகத்துக்கு ஆபத்தானது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்த விடயம். சிம் அட்டையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நாட்டை விட்டுப் போவது, ஒப்பமிட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை மேசை மீது வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். கொடுக்கப்படுபவர் நல்லவரா, கெட்டவரா என்பதல்ல இங்கு பிரச்சினை. அமானிதத்தைப் பேணும் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டிய பொருள் ஒன்றை நாமே அவர் சட்டைப் பையில் போடுகிறோம் என்பதே பிரச்சினை.

பேசுவதற்கு வந்த பொருள், இப்போது ஒப்பமிடுகிறது

இலங்கையில் கையடக்கத் தொலைபேசி 1989இல் செல்டெல் நிறுவனத்தோடு வந்தது. 1995இல் டயலொக் நிறுவனம் ஜி.எஸ்.எம். சேவையை ஆரம்பித்தது. அன்று அந்தப் பொருள் பேசுவதற்கு மட்டும்தான். வர்த்தகருக்கு இலக்கம் என்பது கடைப் பெயர்ப் பலகையில் எழுதும் ஒன்று. பலகையில் உள்ள இலக்கத்துக்கு யார் பதில் சொன்னாலும் வியாபாரம் நடந்தது. சிம்மைக் கடையில் விட்டுப் போகும் பழக்கமும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். அன்று அதில் தவறும் இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 2015இல் சிஃப்ட்ஸ் எனப்படும் உடனடி மின்னியல் பணமாற்று முறை வந்தபின் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சில நொடிகளில் பணம் போகிறது. அந்தப் பணத்தை விடுவிக்க வங்கி உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, ஒப்பத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் இலக்கத்துக்கு ஒரு குறுந்தகவல் அனுப்பி, அதில் உள்ள எண்ணைத் திருப்பிக் கேட்கிறது. அட்டையால் இணையத்தில் பொருள் வாங்கினாலும் அதே எண். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறந்து புதிதாகக் கேட்டாலும் அதே இலக்கத்துக்குத்தான் தகவல் வருகிறது. வாட்ஸ்அப் கணக்கை வேறொரு தொலைபேசியில் திறக்கவும் ஆறு இலக்க எண் ஒன்று அந்த சிம்முக்கே வருகிறது.

ஆகவே சிம்மைக் கையில் வைத்திருப்பவர் மனம் வைத்தால் உங்கள் மின்னஞ்சலைத் திறக்கலாம், வாட்ஸ்அப்பைத் தன் தொலைபேசிக்கு மாற்றலாம், உங்கள் பெயரில் வழங்குநரிடம் பேசலாம். இணைய வங்கியின் கடவுச்சொல்லும் தெரிந்துவிட்டால் சொல்லத் தேவையில்லை. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் ஓயாமல் எச்சரித்து வருகின்றன. நீங்களாகவே ஒருவருக்கு அந்த எண் கிடைக்கச் செய்துவிட்டுப் பின்னர் பணம் போய்விட்டது என்று முறையிட்டால், வங்கி முதலில் கேட்பது "சிம் யாரிடம் இருந்தது?" என்பதைத்தான். அதற்கு நம்மிடம் பதில் இராது.

சிம் நிறுத்தப்பட்டுக் கிடந்தால் என்ன ஆகும்?

சிலர் சிம்மை யாருக்கும் கொடுப்பதில்லை. நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். திருட்டுப் பயத்துக்கு இது நல்லது. ஆனால் வர்த்தகருக்கு இதிலும் அடி இருக்கிறது.

நம் ஊர் வியாபாரம் ஓடுவது பிற்திகதியிட்ட காசோலையில். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு நீங்கள் கொடுத்த எட்டு இலட்சம் ரூபா காசோலை இன்று வங்கிக்கு வருகிறது. உங்களுக்கு வர வேண்டிய ஒரு காசோலை முதல்நாள் திரும்பிவிட்டதால் நடைமுறைக் கணக்கில் ஆறு இலட்சம்தான் நிற்கிறது. சேமிப்புக் கணக்கில் போதிய பணம் உண்டு. அதை இங்கே மாற்றிவிட்டால் தீர்ந்தது. தெரிந்த முகாமையாளர் என்றால் காலையில் ஒரு அழைப்பு எடுப்பார். "ஹாஜியார், இரண்டு இலட்சம் குறையுது, பின்னேரத்துக்குள்ள போட்டுவிடுங்க" என்பார்.

அந்த அழைப்பு நிறுத்தப்பட்ட சிம்முக்குப் போனால்? இலங்கையில் 2006இலிருந்து காசோலையின் படிமத்தை அனுப்பித் தீர்வு செய்யும் முறை நடைமுறையில் இருப்பதால், முன்புபோல் காசோலை நாட்கணக்கில் பயணம் செய்வதில்லை. ஒருநாள் வைப்பிட்டால் அடுத்த வேலைநாளில் கதை முடிந்துவிடும். நீங்கள் திரும்பி வரும்போது காசோலை திரும்பியிருக்கும். பணம் இல்லாமல் திரும்பியதல்ல, பதில் இல்லாமல் திரும்பியது. ஆனால் புறக்கோட்டையில் யாருக்கும் அந்த வித்தியாசம் விளங்காது. இருபது வருடம் கட்டிக் காத்த பெயர் ஒரு நாளில் பழுதாகிவிடும். அடுத்த முறை "காசு கொண்டு வாங்க, பிறகு சாமான் தாறேன்" என்ற பேச்சு வரும்.

இலங்கை நேரம் காலை 9.30 மணி என்றால் மக்காவில் காலை 7 மணி, டுபாயில் 8 மணி, குவாங்சோவில் நண்பகல் 12 மணி. எங்கிருந்தாலும் விழித்திருக்கும் நேரம்தான். அழைப்பும் ஓ.டி.பி.யும் கைக்கு வந்தால் ஹோட்டல் அறையிலிருந்தே அந்த இரண்டு இலட்சத்தை மாற்றிவிடலாம். ரோமிங்குக்குச் செலவாகும் தொகையை இந்த இழப்போடு வைத்து நிறுத்துப் பாருங்கள்.

பில் ஏன் அப்படி ஏறுகிறது?

ரோமிங் பற்றிய பயம் பொய்யான பயம் அல்ல. ஆனால் எது எவ்வளவு செலவு வைக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் பயப்படுகிறோம். ஆழம் தெரியாததால் காலையே வைக்காமல் நிற்கிறோம்.

நடப்பது இதுதான். சென்னையில் இறங்கி உங்கள் தொலைபேசியை உயிர்ப்பித்தவுடன் அது அங்குள்ள நிறுவனம் ஒன்றின் கோபுரத்தைப் பிடிக்கிறது. அந்த நிறுவனம் சிம்மைப் பார்த்து, இது இலங்கை இணைப்பு என்று அறிந்து, கொழும்பிலுள்ள உங்கள் நிறுவனத்தைக் கேட்கிறது: "இவர் உங்கள் ஆளா? இடம் கொடுக்கலாமா?" கொழும்பு ஆம் என்றால் இணைப்புக் கிடைக்கிறது. அதன் பின் நீங்கள் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சென்னை நிறுவனம் கொழும்பு நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்புகிறது. கொழும்பு தன் இலாபத்தையும் சேர்த்து உங்களிடம் அறவிடுகிறது. இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான இந்தக் கணக்கு ரூபாவில் நடப்பதல்ல. சர்வதேச நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற அலகிலோ வெளிநாட்டு நாணயத்திலோதான் நடக்கிறது. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியபோது ரோமிங் நம்மைவிட்டு இன்னும் தூரம் போனதற்கு இதுவும் காரணம். அந்த ஆண்டு செப்டெம்பரில் உள்நாட்டுக் கட்டணங்களும் 20 வீதம் ஏறின.

இப்போது செலவைப் பிரித்துப் பாருங்கள்.

வரும் அழைப்பு: இலங்கையில் இருக்கும்போது வரும் அழைப்புக்கு நாம் காசு கொடுப்பதில்லை. வெளிநாட்டில் கொடுக்க வேண்டும். திருகோணமலையிலிருந்து உங்களை அழைப்பவர் உள்ளூர் அழைப்புக்கான காசைத்தான் கொடுக்கிறார். கொழும்பிலிருந்து சென்னைவரை அந்த அழைப்பைக் கொண்டுவரும் செலவு உங்கள் தலையில். பலருக்குப் பில் ஏறுவது இதனால்தான்.

தரவு எனப்படும் டேட்டா: இதுதான் பெரிய பூதம். நீங்கள் தொலைபேசியைத் தொடாவிட்டாலும் அது தானாகவே படங்களை இறக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும், புகைப்படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றும். குடும்பக் குழுமத்தில் ஒருவர் போடும் கல்யாண வீடியோ ஒன்று போதும்.

வரும் குறுந்தகவல்: பெரும்பாலான நிறுவனங்கள் ரோமிங்கில் வரும் குறுந்தகவலுக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. புறப்படும் முன் உங்கள் நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். வர்த்தகருக்கு மிக அவசியமானது ஓ.டி.பி. குறுந்தகவல். அதுதான் மிகவும் மலிவானது. விலை கூடியது பேச்சும் டேட்டாவும். அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. விலை கூடியதற்குப் பயந்து மலிவானதையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம்.

சிம் உங்களோடு, அழைப்பு கடையோடு

"அப்படியானால் வாடிக்கையாளர் அழைப்பை யார் எடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு சிம்மைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

எல்லாத் தொலைபேசியிலும் அழைப்பைத் திசைதிருப்பும் வசதி உண்டு. நாட்டை விட்டுப் புறப்படும் முன், எல்லா அழைப்புகளும் கடையின் வேறொரு இலக்கத்துக்குப் போகும்படி செய்துவிடலாம். நட்சத்திரக் குறி, 21, நட்சத்திரக் குறி, கடை இலக்கம், ஹேஷ் குறி என்று அழுத்தினால் போதும். இரண்டு ஹேஷ் குறி, 21, ஹேஷ் குறி என்று அழுத்தினால் திசைதிருப்பல் நீங்கிவிடும். இவ்வாறு செய்தபின் உங்கள் இலக்கத்துக்கு வரும் அழைப்பு கொழும்பிலேயே திரும்பிக் கடைக்குப் போய்விடும். வெளிநாட்டுக்கு வராது. நீங்கள் கொடுக்க வேண்டியது திசைதிருப்பும் உள்ளூர்க் கட்டணம் மட்டுமே.

இதில் முக்கியம் என்னவென்றால், திரும்புவது அழைப்பு மட்டும்தான். குறுந்தகவல் திரும்பாது. அது சிம் எங்கிருக்கிறதோ அங்கேதான் வரும். அதாவது வாடிக்கையாளரின் குரல் கடைக்குப் போகிறது, உங்கள் ஒப்பம் உங்களோடு வருகிறது. வங்கி முகாமையாளர் அழைத்தாலும் கடையில் இருப்பவர் எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அறிவிப்பார். நீங்கள் அங்கிருந்து பணத்தை மாற்றுவீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, "எல்லா அழைப்பும்" என்ற திசைதிருப்பலையே செய்ய வேண்டும். "பதில் இல்லாவிட்டால் மட்டும்" என்பதைச் செய்தால் அழைப்பு முதலில் வெளிநாட்டுக்கு வந்து, பிறகு திரும்ப இலங்கைக்குப் போகும். இரண்டு வழிக்கும் காசு விழலாம். மற்றது, வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணைக் குறுந்தகவலுக்குப் பதிலாக அழைப்பு மூலமும் பெறலாம். அழைப்பு கடைக்குப் போகும் காலத்தில் அந்த எண்ணும் கடைக்குப் போகக்கூடும். எனவே வாட்ஸ்அப்பில் இரண்டு படி உறுதிப்படுத்தலுக்கான இரகசிய எண்ணை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். யாராவது தெரியாதவர் தொலைபேசியில் பேசி இப்படியான குறிகளை அழுத்தச் சொன்னால் அழுத்த வேண்டாம். அது மோசடிக்காரரின் வழி.

பேச்சுக்கும் டேட்டாவுக்கும் போகும் நாட்டின் சிம் ஒன்றை வாங்குவதே சிக்கனம். இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசியானால் ஒன்றில் நம் சிம், மற்றதில் அந்நாட்டு சிம். நம் சிம்முக்கு ரோமிங் இருக்கட்டும், அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். டேட்டா அந்நாட்டு சிம்மில் ஓடட்டும். வாட்ஸ்அப் நம் பழைய இலக்கத்திலேயே இருக்கும். "இலக்கத்தை மாற்றவா?" என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சில இணைப்புகளுக்கு ரோமிங்கை நாட்டில் இருக்கும்போதே செயற்படுத்த வேண்டும். முற்கொடுப்பனவு இணைப்பானால் போதிய ரீலோட் இருக்க வேண்டும். கட்டுநாயக்காவில் விமானத்துக்கு ஓடும்போது செய்யும் வேலையல்ல இது. மூன்று நாளைக்கு முன்னரே செய்து முடியுங்கள். கட்டணப் பட்டியலில் "வரிகள் நீங்கலாக" என்று சிறிய எழுத்தில் இருப்பதையும் கவனியுங்கள்.

போகும் இடத்துக்கு ஏற்ற ஆயத்தம்

இந்தியாவில் வெளிநாட்டவர் சிம் வாங்கக் கடவுச்சீட்டு, விசா, புகைப்படம் எல்லாம் வேண்டும். கடைக்குக் கடை நடைமுறை வேறுபடும். உயிர்பெறும் வரை நம் சிம்தான் துணை. மூன்று நாள் கொள்முதலுக்குப் போகிறவருக்கு, நிறுவனங்கள் விற்கும் குறுகிய கால ரோமிங் பொதியே போதுமானதாக இருக்கலாம். விலையைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சீனா போகும் நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அங்கு கூகுள் சேவைகள் இல்லை. வாட்ஸ்அப்பும் 2017இலிருந்து முடக்கப்பட்டுள்ளது. சீன சிம்மை மட்டும் நம்பிப் போனால் கடையோடுள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆனால் ரோமிங் டேட்டா பொதுவாகச் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகவே இணையத்துக்குப் போகிறது. அதனால் இலங்கை சிம்மின் ரோமிங்கில் வாட்ஸ்அப் அங்கும் வேலை செய்வதுண்டு. யீவூவிலும் குவாங்சோவிலும் மாதிரிப் படத்தைக் கடைக்கு அனுப்பி "இது வேணுமா?" என்று கேட்டு வாங்கும் வியாபாரிக்கு இது செலவல்ல, தொழில் கருவி.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்தும் படமும் போகும். குரல் அழைப்புக்கு அங்கு கட்டுப்பாடு உண்டு. சவூதியில் இத்தகைய அழைப்புகளுக்கு இருந்த தடை 2017இல் நீக்கப்பட்டது. உம்ராப் பயணிகளுக்கு இன்று நுசுக் செயலி தேவைப்படுகிறது. மதீனாவில் றவ்ளாவுக்குச் செல்லும் அனுமதியும் அதன் வழியாகவே பெறப்படுகிறது. எனவே இயங்கும் தொலைபேசி ஒன்று அங்கும் வேண்டும்.

நம்மூர்க் கடலோடு தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு சொல். பயணிகள் கப்பல்களிலும் விமானங்களிலும் சில வேளை தொலைபேசிக்குக் கோபுரம் கிடைத்ததுபோல் காட்டும். அது செய்மதி வழியாக வரும் தனி வலையமைப்பு. நாட்டுக்கு நாடு உள்ள ரோமிங் பொதி அங்கு செல்லாது. கட்டணமும் மிக உயர்வு. ஏறியவுடன் விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். மன்னார்க் கரையோரம் போகிறவர்களின் தொலைபேசி எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துவிடுவதும் உண்டு. தனுஷ்கோடியில் நிற்பவர்களுக்கு இலங்கைச் சமிக்ஞை கிடைப்பதுபோல்தான் இதுவும். நாட்டை விட்டுப் போகாமலே ரோமிங் பில் வருவது இப்படித்தான். அந்தப் பக்கம் போகும்போது வலையமைப்புத் தெரிவைத் தானியங்கியிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தையே தெரிவு செய்துவிடுங்கள்.

அதிகாரம் கொடுப்பதானால் முறையாகக் கொடுங்கள்

ஒரு மாதம், இரண்டு மாதம் நாட்டில் இல்லாத வர்த்தகர் எல்லாவற்றையும் தானே செய்ய முடியாது என்பது உண்மை. நம்பிக்கையானவரிடம் பொறுப்புக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சிம் கொடுப்பது பொறுப்புக் கொடுப்பதாகாது. அது உங்கள் முகமூடியை அவருக்கு மாட்டிவிடுவது. அவர் செய்வதெல்லாம் நீங்கள் செய்ததாகவே பதிவாகும். நாளை கணக்கில் பிழை வந்தால் அவருக்கும் தான் செய்யவில்லை என்று நிரூபிக்க வழியில்லை. வீணான சந்தேகத்தில் உறவும் முறியும். மாமன் மருமகன் பகை, அண்ணன் தம்பி வழக்கு என்று நாம் காணும் பலவற்றின் அடியில் இப்படி எழுத்தில்லாத ஏற்பாடு ஒன்று இருக்கும்.

முறையான வழிகள் இருக்கின்றன. வங்கிக்குப் போய் மகனையோ பங்காளியையோ ஒப்பமிடும் அதிகாரம் பெற்றவராகச் சேர்க்கலாம். எவ்வளவு தொகை வரை என்று எல்லையும் வைக்கலாம். சட்டத்தரணி மூலம் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கலாம். வணிகக் கணக்குகளுக்கான இணைய வங்கியில் ஒருவர் பதிவிட, இன்னொருவர் அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. கடையில் உள்ளவர் தன் பெயரில், தன் இலக்கத்தில் பதிவிடுவார். நீங்கள் மக்காவிலிருந்தோ சென்னையிலிருந்தோ அனுமதிப்பீர்கள். அவரவர் செய்தது அவரவர் பெயரில் நிற்கும். காசோலைக்குப் பணம் குறைந்தால் என்ன செய்வது என்று முகாமையாளரோடு முன்கூட்டியே பேசி, மேலதிகப்பற்று ஒன்றையும் ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஊரிலுள்ள வங்கிக் கணக்கோடு பதிந்த இலங்கை சிம்மை லாச்சியில் போட்டுவிட்டு வருடக்கணக்கில் பாவிக்காமல் விடுகிறார்கள். நீண்ட காலம் பாவிக்காத முற்கொடுப்பனவு இணைப்பை நிறுவனம் துண்டித்து, அந்த இலக்கத்தை வேறொருவருக்கு விற்றுவிடலாம். அதன்பின் உங்கள் வங்கித் தகவல் அந்தப் புதியவருக்குப் போகும். சிம்மை உயிரோடு வைத்திருங்கள். அல்லது வங்கியில் இலக்கத்தை மாற்றிப் பதியுங்கள்.

நிறுவனங்களும் அரசும் செய்ய வேண்டியவை

வர்த்தகர் மட்டும் திருந்தினால் போதாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் ரோமிங் அழைப்புகளுக்கு உச்சக் கட்டணம் விதித்தது. 2010 ஜூலை முதல், பயனாளர் வேறு எல்லை கேட்காவிட்டால், ரோமிங் டேட்டாச் செலவு 50 யூரோவைத் தொட்டவுடன் இணைப்பை நிறுத்த வேண்டும் என்று சட்டமாக்கியது. 2017 ஜூன் 15ஆம் திகதி முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்கான மேலதிகக் கட்டணத்தையே நீக்கியது. இது பணக்கார நாடுகளின் கதை என்று சொல்வோருக்கு ஆபிரிக்காவைக் காட்டலாம். 2006இல் செல்டெல் நிறுவனம் கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய மூன்று நாட்டு வாடிக்கையாளர்களுக்கும் ரோமிங் கட்டணமில்லாத ஒரே வலையமைப்பைத் திறந்தது. எல்லை தாண்டி மாடும் மரக்கறியும் விற்கும் சிறு வியாபாரிகள் வாழும் நாடுகள் அவை. வளைகுடா ஒத்துழைப்பு நாடுகளும் 2016இல் தம்மிடையே கட்டணத்தைக் குறைத்தன.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர் கடல். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் கப்பல் விடப்பட்டது. 2024 பெப்ரவரியில் இந்தியப் பயணிகள் தம் நாட்டு யு.பி.ஐ. மூலம் இங்குள்ள கடைகளில் பணம் செலுத்தும் வசதி வந்தது. ஆளும் பணமும் கடலைத் தாண்டும்போது பேச்சு மட்டும் ஏன் விலை ஏறி நிற்க வேண்டும்? இரு நாட்டு ஒழுங்குபடுத்துவோரும் உட்கார்ந்து பேசினால் முடியக்கூடிய காரியம் இது. பயன் அவர்களுக்கும் உண்டு. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வரும் இந்திய உல்லாசப் பயணிகளும், பிரிமா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களின் மாலுமிகளும் இங்கு தங்கள் தொலைபேசியைப் பாவிக்கத்தானே விரும்புவார்கள்?

அதுவரை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நாம் மூன்று விடயங்களைக் கேட்கலாம். ரோமிங் செலவுக்கு வாடிக்கையாளர் கேட்காமலே ஓர் உச்ச எல்லை இருக்க வேண்டும். வெளிநாட்டில் இறங்கியவுடன் வரும் கட்டண அறிவித்தல் எல்லோருக்கும் அவரவர் மொழியில், வரியும் சேர்த்த தொகையாக வர வேண்டும். குறுந்தகவல் மட்டும் பெறும் மலிவான ரோமிங் பொதி எல்லா நிறுவனத்திலும் இருக்க வேண்டும். வங்கிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. குறுந்தகவலை மட்டும் நம்பாமல், செயலி வழியாகவும் அனுமதி கொடுக்கும் வசதி சிறு வர்த்தகரின் கணக்குக்கும் வரட்டும். இந்தக் கோரிக்கைகளைத் தனி ஆளாகச் சொன்னால் எடுபடாது. ஊர் ஊராக உள்ள வர்த்தகர் சங்கங்கள் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும்.

முன்னைய காலத்தில் நம் வாப்பாமார் கப்பலேறும்போது கல்லாப்பெட்டிச் சாவியை ஒருவரிடமும், கணக்குக் கொப்பியை இன்னொருவரிடமும் கொடுத்தார்கள். முத்திரை மோதிரத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. அது விரலோடு போய் விரலோடு வந்தது. இன்று அந்த மோதிரம் நகமளவு பிளாஸ்டிக் அட்டையாக மாறியிருக்கிறது. அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும் சகோதரர்களே, கடையின் அழைப்பைக் கடைக்குத் திருப்பிவிடுங்கள். சிம்மை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.